கழுவாத மாவிலை

தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள் நான். தங்கச்சி ஜெயராணியைக் கேட்டு வந்த மாப்பிள்ளையைச் சும்மா விடுவேனா? பெலிக்ஸுக்கு வரதராஜன்பேட்டை, வாத்தியார் வேலை, நல்ல குடும்பம். ஆனால் லீவு நாளில் மேடையேறி மேஜிக் செய்வான். ஊரையே ஏமாற்றிக் கைதட்டல் வாங்குகிறவனுக்குப் பெண்டாட்டியை ஏமாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

"திருவிழாவுல வித்தை காட்டுறாரு. பாத்துட்டுப் பதில் சொல்லுங்க," என்றார் தரகர் சவரியார்.

"வரேன். கையும் களவுமா புடிச்சேன்னா இந்தச் சம்பந்தம் வேணாம்," என்றேன். ஜெயராணி காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவளுக்கு நான்தான் எல்லாம்.

ஏலாக்குறிச்சிக் கோவில் மைதானத்தில் சாயங்காலம் முன்வரிசையில் உட்கார்ந்தோம். ஜெயராணி மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். காலையில் கேட்டதற்கு எண்ணெய் தெறித்துவிட்டது என்றிருந்தாள்.

பெலிக்ஸ் கிண்ணங்களைக் கவிழ்த்துப் பந்துகளை மறைத்தான், வரவழைத்தான். நான் அவன் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவன் மேடையிலிருந்து இறங்கி, எங்கள் நடுவில் மண்ணில் சம்மணம் போட்டான்.

"இதுக்கு மேடை, லைட்டு எதுவும் வேணாம்ங்க. நம்ம ஆளுங்க தெருவுல, சுத்தி ஜனம் நிக்க, ஒரு துணிய வச்சுக்கிட்டே காட்டுன மாமர வித்தை."

மண் சட்டியில் மாங்கொட்டையைப் புதைத்துத் தண்ணீர் தெளித்து மூடினான். துணியை எடுத்தால் முளை. மறுபடி மூடி எடுத்தால் முழங்கால் உயரத்துக்கு மரம். ஜனம் விசில் அடித்தது.

"இப்பப் பொறந்த மரம். சந்தேகம் உள்ளவங்க வந்து பாக்கலாம்."

என்னைவிட்டால் யார்? எழுந்து போய் இலையைத் தடவினேன். விரலில் வெள்ளையாக ஒட்டியது. இப்போது பிறந்த மரத்தில் லாரித் தூசியா? எங்கள் வாசலில் ஓடும் சுண்ணாம்புக்கல் லாரிகள் கொல்லை மாமரத்தில் தினம் பூசிவிட்டுப் போகிற அதே தூசி. மாட்டினான் என்று உள்ளுக்குள் குதித்தேன். மண்ணை விலக்கினால், வேருக்கு மேல் பச்சை நைலான் நூல். வேர் பிடிக்கட்டும் என்று இரண்டு மாதம் முன்னால் மாங்கிளையில் மண் அப்பி நான் பதியம் கட்டிய நூல். முடிச்சும் என்னுடையது.

திருடன் என்று கத்த வாயைத் திறந்தேன். ஆனால் கொல்லைக் கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி என்னிடம் ஒன்று, ஜெயராணியிடம் ஒன்று.

திரும்பினேன். ஊரெல்லாம் மரத்தைப் பார்க்க, அவள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், துணி சுற்றிய கையை மடியில் இறுக்கியபடி. மாங்கிளை வெட்டும்போது பால் பட்டால் தோல் வெந்துபோகும்.

"என்ன செபஸ்டின், நெசந்தானா?" என்று சவரியார் பின்னாலிருந்து கத்தினார்.

மண்ணைத் தள்ளி நூலை மூடினேன்.

"நெசந்தான். வேரோட மொளைச்சிருக்கு."

திரும்பும் வழியில் பைக்கை மருந்துக்கடை முன்னால் நிறுத்தினேன்.

"எண்ணெயா அது?"

"மாம்பால்ண்ணே. அவரு வாங்கி வச்ச கன்னு வாடிப்போச்சு. நீங்க புடிக்கத்தான் வரீங்கன்னு சொன்னேன், பயந்துட்டாரு. நாந்தான் வெட்டிக் குடுத்தேன். இலையக் கழுவ நேரமில்ல."

"எங்கிட்டக் கேக்குறதுக்கென்ன?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

வெட்கமாக இருந்தது. உலகத்தில் ஒருத்தரையும் நம்பாத நான் இவளை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவளுக்குத்தான் என்மேல் நம்பிக்கை இல்லை.

களிம்பை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டுச் சவரியாருக்குப் போன் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமையே கோவில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிருங்க. தடை உண்டான்னு சாமியார் மூணு வாரம் கேப்பாரு. எனக்கு ஒண்ணும் இல்ல."