வாசல் கதவில் மாமனார்

லாச்சோ எடுத்த படம், வீட்டைவிட்டு வெளியேற முடியாத ஒரு பெண்ணைப் பற்றியது. வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களில் அதை விளக்க அவன் தொண்டை வறளப் பேச வேண்டியிருந்தது. லோம் நகர வாசகசாலை அரங்கத்தில் விளக்கமே தேவைப்படவில்லை. கூட்டம் அதிகம் என்று நடைபாதையெல்லாம் பள்ளிக்கூடத்து நாற்காலிகளைப் போட்டிருந்தார் செயலாளர் பொலினா. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்கிறது என்று ஒரு பழைய பியானோவைத் தள்ளிவந்து அதற்கு முட்டுக்கொடுத்திருந்தார். ஆக, வெளியேற முடியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதைப் படம் தொடங்குமுன்பே ஊர் புரிந்துகொண்டது.

எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவன் லாச்சோதான். மூன்றாம் வரிசையின் நட்டநடுவில் அவனை உட்காரவைத்திருந்தார்கள். வலப்பக்கம் மாமனார் பெய்கோ, அவருக்கப்பால் அவரோடு மீன் பிடிக்கிற கூட்டாளிகள் ஒரு பட்டாளம். இடப்பக்கம் மாமியார் மிங்கா, அவருக்கப்பால் மனைவி நெவேனா. படம் ஓடத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கதவு வரும். கதவில் கண்ணீர் அஞ்சலித் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். கறுப்புக் கட்டத்துக்குள், இறந்துபோனவராக, பெய்கோ இருப்பார். இந்த விஷயம் கேமராக்காரனுக்குத் தெரியும், நெவேனாவுக்குத் தெரியும், இரண்டு வெளிநாட்டு நகரங்களுக்குத் தெரியும். பெய்கோவுக்குத் தெரியாது.

லாச்சோ வீட்டோடு மாப்பிள்ளை. தலைநகர் சோபியாவில் சினிமா படித்தவன், வேலை கிடைக்கும்வரை ஒரு குளிர்காலம் மட்டும் தங்குவதாகச் சொல்லித்தான் பெண்டாட்டியோடு இந்த ஊருக்கு வந்தான். அது எந்தக் குளிர்காலம் என்று பெய்கோ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட ஒரு சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்பியிருக்கலாம். கண்ணாடி அடைத்த பால்கனியில், மிங்காவின் ஊறுகாய்ச் சாடிகளுக்கு நடுவே கட்டில். படத்துக்கு 'மூடி' என்று பெயர் வைத்ததில் தத்துவம் எதுவும் இல்லை. காலையில் கண் விழித்தால் எதிரே தெரிவது அதுதான்.

படத்துக்குப் பணம் தர யாரும் முன்வராததால் வீட்டிலிருந்ததையெல்லாம் படத்தில் போட்டான். மிங்காவின் சமையலறை, பெய்கோவின் லாடா கார், வீட்டுத் திரைச்சீலை. கதாநாயகி சோபியாவிலிருந்து வந்து, கூடத்துச் சோபாவில் படுத்து, ஒரு குளிர்காலத்துக்கான ஊறுகாயைத் தின்றுவிட்டுப் போனாள். வெளிநாட்டில் கிடைத்த கண்ணாடிப் பரிசை மிங்கா முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாயில் அழுத்துக்கல்லாகப் போட்டிருக்கிறார். கனம் போதவில்லை என்பது அவர் கருத்து. படத்தைப் பற்றியும் பல விமர்சகர்கள் அதையேதான் சொன்னார்கள்.

அந்தத் தாளுக்கு வேறொரு முகம்தான் முதலில் பேசியிருந்தார்கள். சோபியா நாடகக்காரர் ஒருவர் தன் புகைப்படத்தைத் தர ஒப்புக்கொண்டார். அவர் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. உயிரோடிருக்கிற புருஷன் படத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் போட எந்தப் பெண்டாட்டி சம்மதிப்பாள்? செத்தவர் படத்தைப் போட்டால் அவர் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, நடிகைக்கு மறுநாள் ரயில். லாச்சோ அலமாரி இழுப்பறையைத் திறந்தான். பெய்கோவின் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் ஒரு பிரதி மீந்திருந்தது. பெய்கோ அப்போது ஊரில் இல்லை. இருதய அறுவை சிகிச்சை முடிந்து, மிங்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வெந்நீர் ஊற்று இல்லத்தில் உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

தூரத்தில், மங்கலாக, கண்ணிமைக்கும் நேரம் தெரியும், அவ்வளவுதான் என்று லாச்சோ தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். சம்பளத்துக்குப் பதில் வீட்டில் காய்ச்சிய ராக்கியா சாராயத்துக்கு வேலை செய்த கேமராக்காரன் ஸ்லாவிக்கு அந்த முகத்தின்மேல் காதல் வந்துவிட்டது. கிட்டே போனான். இன்னும் கிட்டே போனான். இந்த மூஞ்சி இத்தனை வருஷம் சினிமாவுக்காகவே காத்துக்கிட்டிருந்திருக்கு என்றான்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மாமனாரிடம் சொல்லிவிட லாச்சோ வாயைத் திறப்பான். பெய்கோ மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார். மனைவியின் கல்லறைக்கல்லில் தன் பெயரையும் சேர்த்துச் செதுக்கி, இறக்கும் வருடத்துக்கு மட்டும் இடம் விட்டுவைத்தவர் ஒருவர் அதே இலையுதிர்காலத்தில் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்வார். சொல்லிவிட்டு, அது தன்னை அண்டாமலிருக்க மேசையைத் தட்டி, தோளுக்குப் பின்னால் மூன்று தடவை துப்புவதுபோல் செய்வார். லாச்சோ வாயை மூடிக்கொள்வான்.

இத்தனைக்கும் அஞ்சலித் தாள்கள்தான் பெய்கோவுக்குச் செய்தித்தாள். ரொட்டி வாங்கப் போகும்போது குடியிருப்பின் கதவு, பேருந்து நிறுத்தம், மருந்துக்கடைச் சுவர் என்று ஒன்றுவிடாமல் படிப்பார். அதுவும் கீழிருந்து மேலே. யார் துக்கம் தெரிவித்திருக்கிறார்கள், யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். செத்தது யார் என்பது பிறகு. "கிரோசனுக்கு நாப்பதாம் நாள் தாள் ஒட்டியிருக்காங்க. தம்பி பேரு இல்ல. திராட்சைத் தோட்டத் தகராறு இன்னும் தீரல" என்று சூப்பை ஊதிக்கொண்டே சொல்வார்.

இப்போது அந்தப் பெய்கோ கோட்டுச் சட்டை போட்டு, சவரம் செய்து, திரையில் தன் சமையலறையைப் பார்த்துக் கூட்டாளிகளுக்குச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். அது என் அடுப்பு. அது நான் மாட்டின அலமாரி, கொஞ்சம் சாய்வாத் தெரியறது கேமராவால.

திரையில் மிளகாய்க் காட்சி வந்துவிட்டது. அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த பெண், பால்கனியில் மின்சார அடுப்பில் குடைமிளகாய் சுடுகிறாள். அடுப்பில் வைத்துவிட்டு எங்கோ பார்த்தபடி நிற்கிறாள். மிளகாய் கருகுகிறது. கேமரா அசையாது. வெளிநாட்டில் ஒரு விமர்சகர் இதை ஒரு தேசத்தின் ஆன்மா மெல்ல எரியும் காட்சி என்று எழுதியிருந்தார். லோமில் அதற்கு வேறு வரவேற்பு. முதலில் நாற்காலிகள் நெளிந்தன. பிறகு முணுமுணுப்பு. அவர்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி வெத்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "புரட்டும்மா, கருகுது" என்றார். பின்வரிசையில் ஒருவர் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். இவளை வளர்த்தது யார் என்று இன்னொருவர் கேட்டார். புகை திரையை நிறைத்தபோது அரங்கத்தில் இரண்டு பேர் நிஜமாகவே இருமினார்கள்.

மிங்கா திரையிலிருந்த அடுப்பை உற்றுப் பார்த்தார். பிறகு லாச்சோவை உற்றுப் பார்த்தார். பிறகு மறுபடி அடுப்பை.

லாச்சோவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. புகை முடிந்ததும் அழைப்புமணி. அழைப்புமணி என்றால் கதவு. கதவு என்றால் பெய்கோ.

"மாமா, வெளியில போய்க் கொஞ்சம் காத்து வாங்கலாமா?"

"நீ எடுத்த படம்டா. நீயே ஓடினா எப்படி?" பெய்கோ கண்ணை எடுக்கவில்லை. "நல்லாத்தானே இருக்கு. பயப்படாம உக்காரு."

மடிக்குக் கீழே கைபேசியை வைத்து நெவேனாவுக்குச் செய்தி அனுப்பினான்: உடனே அப்பாவுக்குப் போன் போடு, குழாய் வெடித்துவிட்டதாகச் சொல். இரண்டு நாற்காலி தள்ளியிருந்து பதில் வந்தது. அப்பா போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார், உன் படத்துக்கு மரியாதையாம். அடுத்து இன்னொன்று: ஒரு வருஷமாகச் சொல் சொல் என்று சொன்னேன்.

எழுந்து நின்று திரையை மறைத்துவிடலாமா என்று யோசித்தான். ஆனால் மறைத்தாலும் பெய்கோ அவன் முதுகில்தான் தெரிவார்.

திரையில் மணி அடித்தது. பெண் கதவைத் திறந்தாள். கதவின் வெளிப்பக்கத்தில் தாள். கேமரா கிட்டே போனது. இன்னும் கிட்டே போனது.

அரங்கத்தில் பாதிப்பேர் பழக்கதோஷத்தில் சிலுவைக்குறி போட்டுவிட்டார்கள். கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று ஏழெட்டு வாய்கள் முணுமுணுத்தன. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒரு தலை திரும்பியது. பக்கத்துத் தலை திரும்பியது. வரிசை வரிசையாக ஊரே மூன்றாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தது, இறந்தவர் அங்கேதான் இருக்கிறாரா என்று சரிபார்ப்பதுபோல. "மிங்கா, இது எப்போ?" என்று வெத்கா பின்னாலிருந்து அடித்தொண்டையில் கேட்டார்.

பெய்கோ சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். துடைத்தார். போட்டுக்கொண்டார். தலை கொஞ்சம் தாழ்ந்து, மெல்ல நிமிர்ந்தது. கீழிருந்து மேலே படிக்கிறார் என்று லாச்சோவுக்குத் தெரிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

கூட்டாளிகளுக்கு எதையும் சுட்டிக்காட்டுவதை அத்தோடு நிறுத்திவிட்டார்.

படம் இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பெய்கோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாச்சோ அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். சீராகத்தான் இருந்தது. அதுவே பயமாக இருந்தது. வீட்டைவிட்டுத் துரத்துவார் என்று இத்தனை நாள் பயந்ததாகத்தான் அவன் நினைத்திருந்தான். துரத்தினால் போய்விடலாம், போகத்தானே ஆசைப்பட்டான். ஆனால் இந்த மனிதர் இனிமேல் சூப்பை ஊதிக்கொண்டே தனக்கு ஊர்ச் செய்தி சொல்ல மாட்டார் என்று தோன்றியதும் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். ஒரு தடவை, மூச்சு நின்றதுபோல் இருந்ததும், கையைத் தொட்டுப் பார்த்தான். "உசிரோடதான் இருக்கேன்" என்றார் பெய்கோ, திரையைப் பார்த்தபடியே.

விளக்கு போட்டதும் பொலினா அவனைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப்போய் ஒலிவாங்கியைத் தந்தார். இயக்குநரிடம் கேள்விகள் கேட்கலாம் என்றார். முதலில் வெத்கா எழுந்து, அந்த மிளகாயை அப்புறம் யாராவது சாப்பிட்டார்களா என்று விசாரித்தார். ஸ்லாவி சாப்பிட்டான் என்று லாச்சோ உண்மையைச் சொன்னான். அந்த சோபியாப் பெண் ரொட்டியைக் கோணல்மாணலாக அறுப்பது ஏதாவது குறியீடா என்று ஒரு வாத்தியார் கேட்டார். இல்லை, அவளுக்குத் தெரியாது என்றான்.

அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அரங்கம் இருமலை நிறுத்திக்கொண்டது.

பெய்கோ எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அந்தத் தாளைப் பத்தி ஒரு சந்தேகம்."

"மாமா, நான் உங்ககிட்ட முன்னாடியே..."

"இரு. கேக்க விடு." கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "போட்டோ பரவாயில்ல. அடையாள அட்டை ஆபீஸ்ல எடுத்ததுதான், காது மட்டும் பெருசாத் தெரியும். அது போகட்டும். கீழ, துயரத்துடன்னு போட்டு, மனைவி, மகள்னு இருந்துச்சு. அவ்வளவுதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலியா?"

"ஆகல மாமா. கதைப்படி தனியா இருக்கறவ."

"மாப்பிள்ளைன்னு யாரும் இல்ல."

"கதையில இல்ல."

"ஓ. கதையில." பெய்கோ போட்ட பொத்தானைக் கழற்றினார். "அப்போ சரி. யாராச்சும் விட்டுட்டாங்களோன்னு பாத்தேன்."

உட்கார்ந்துவிட்டார். ஊரில் எல்லோருமே தாளைக் கீழிருந்துதான் படிப்பவர்கள். அதனால் யாருக்கும் விளங்காமல் போகவில்லை. பொலினா தரையைப் பார்த்தார்.

லாச்சோவின் கையில் ஒலிவாங்கி இருந்தது. அதைப் பொலினாவிடம் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாம். கொடுக்கவில்லை. படம் முழுக்க ஒரு சரியான வசனம்கூட எழுதத் தெரியாதவன் என்று விமர்சகர்கள் சொன்னவன் வாயைத் திறந்தான்.

"மாமா. உங்க நிஜத் தாள்ல என் பேரு இருக்கும்."

அது அரங்கம் முழுக்க எதிரொலித்தது. இருதயம் அறுத்துத் தைத்த மனிதரிடம், ஊர் நடுவில், ஒலிபெருக்கியில் சொல்கிற பேச்சா இது. முன்வரிசைக் கிழவிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தோளுக்குப் பின்னால் துப்பினார்கள். யார் யாரோ நாற்காலிகளின் மரப்பிடிகளைத் தட்டினார்கள். லாச்சோவுக்கு மேடைக்குக் கீழே ஒரு குழி வேண்டியிருந்தது.

பெய்கோ யோசித்தார்.

"எங்க? நெவேனாவுக்கு அடுத்தா?"

"அடுத்து."

"பேரனுக்கு முன்னாடி."

"இன்னும் பேரனே இல்லியே மாமா."

"நான் என்ன இப்பவேவா ஒட்டச் சொன்னேன்?"

அரங்கம் சிரித்தது. மீன்பிடிக் கூட்டாளிகள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு பயம் தெளிந்த எல்லோரும். பியானோவை நகர்த்தக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அரை ஊர் பெய்கோவின் கையைக் குலுக்கி, உயிரோடிருப்பதற்கு வாழ்த்துச் சொன்னது. வராதவர்களுக்காக அடுத்த வாரமும் போட வேண்டும் என்று பொலினா லாச்சோவிடம் சொன்னார், கேட்கவில்லை, சொன்னார்.

வீட்டுக்கு நடந்தார்கள். பெய்கோ லாச்சோவின் வலக்கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டார். பனிக்கட்டி வழுக்கும் என்றார். அக்டோபரில் ஏது பனிக்கட்டி என்று லாச்சோ கேட்கவில்லை. வழியில் பால்கனிக்கு ஒரு ரேடியேட்டர் போடுவதைப் பற்றிப் பெய்கோ பேசினார். குளிர்காலங்களைப் பன்மையில் சொன்னார்.

குடியிருப்புக் கதவை நெருங்கியதும் மிங்காவும் லாச்சோவின் இடக்கையைப் பிடித்துக்கொண்டார். மாமியாருக்குக் கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடும்.

"ஏன் மாப்பிள்ளை," என்றார், "என் மிளகாய் அடுப்பு வோல்டேஜ் ஏறி எரிஞ்சுபோச்சுன்னுதானே நீங்க எங்கிட்டச் சொன்னீங்க?"

பின்னால் வந்த நெவேனா சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினாள். லாச்சோ வலக்கையை இழுத்துப் பார்த்தான், வரவில்லை. இடக்கையை இழுத்துப் பார்த்தான், அதுவும் வரவில்லை. ரொம்பப் பலமாக இழுக்கவும் இல்லை.