நிமிடத்துக்கு ஒரு சொட்டு

பதுருன்னிசாவுக்குக் கோபம் வந்தால் யாரிடமும் கத்த மாட்டாள், ஸ்பேனரைத் தேடுவாள். அன்றைக்குத் தேடினாள். பைக் குழுவின் தலைவர் காதர் காக்கா, வாட்ஸ்அப்பில் தாய்லாந்து எல்லை ஊரான பெத்தோங்குக்குப் போகும் பயணம் பற்றி எல்லாரும் பார்க்கும்படி ஒரு வரி போட்டிருந்தார்: "பெத்தோங் போறதுக்குப் பதுரு பைக் வேணாம் லா. லேடீஸோட கார்ல வரட்டும்."

போன வருடம் மலேசிய மழையில் அவளுடைய செயின் எண்ணெய் காய்ந்து இறுகிக் கழன்றது உண்மைதான். எட்டுப் பேர் இரண்டு மணி நேரம் ஹைவே ஓரத்தில் நனைந்ததும் உண்மைதான். அதற்காக, வக்கீல் ஆபீஸ் கடிதங்களோடு பதினேழு வருடமாகச் சிங்கப்பூரைப் பைக்கில் சுற்றுகிறவளைக் காரில் உட்காரச் சொல்வதா? காதர் காக்கா நல்ல மனிதர், மூத்தவர். ஆனாலும் அந்த வரி சுருக்கென்று தைத்தது.

"செயின் மக்கர் பண்ணா வண்டியை விட்டுட்டு பஸ் ஏறிடுறேன் காக்கா. எனக்காக யாரும் நிக்க வேணாம்" என்று பதில் போட்டாள். அரை நாள் யோசித்துவிட்டு அவர் சம்மதித்தார்.

அடுத்த வாரமே அவள் ஆர்டர் செய்த ஆட்டோமேட்டிக் செயின் ஆயிலர் வந்து சேர்ந்தது. கைக்கு அடக்கமான குப்பி, ஒரு வால்வு, மெல்லிய குழாய். எஞ்சின் ஓடும்வரை, செயின் ஓடும் பின்சக்கரத்துப் பல்லில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும், எஞ்சின் நின்றால் தானும் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சுபுஹு தொழுத கையோடு, பொங்கோலில் தன் அடுக்குமாடி புளோக்கின் கார்பார்க்கில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தாள். குப்பியைச் சீட்டுக்கு அடியில் மாட்டி, குழாயைத் தேக்காவில் வாங்கிய கேபிள் டையால் கட்டி, நுனி பல்லைத் தொடும்படி வைத்தாள். நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றது உடன் வந்த விளக்கத் தாள். அவளும் எண்ணிப் பார்த்து அப்படியே திருகினாள்.

சூடான கொப்பிக் கோப்பையோடு வந்த கணவன் உமைர், "வண்டிக்குக் குளுக்கோஸ் ஏத்துறியா?" என்றான்.

"ஆமா, அடுத்தது உங்களுக்குத்தான்."

மறுநாள் நண்பகல், டோபி காட் சிக்னலில் பிரேக் பிடித்ததும் பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கியது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் டயரெல்லாம் எண்ணெய், கால்சட்டையெல்லாம் எண்ணெய். காலைக் குளிரில் தேன்போல இருந்தது, பன்னிரண்டு மணிச் சூட்டில் தண்ணீராய் இளகிக் கொட்டியிருக்கிறது. நம்மூர் வெயிலைக் கண்ணால் பார்த்திராத யாரோ எழுதிய தாள்! அதைக் கசக்கி எறிந்தாள். டயரைச் சோப்புப் போட்டுத் துடைத்தாள். வண்டி சூடாக இருக்கும்போதே மொட்டைவெயிலில் வைத்து மறுபடி எண்ணினாள். நிமிடத்துக்கு ஒன்பது சொட்டு. ஒன்றாகும்வரை திருகைக் குறைத்தாள். மழை வந்த நாளில் கார்பார்க்குக்கு ஓடி இன்னொரு முறை எண்ணினாள். மூன்று வாரத்தில் திருகின் மேல் இரண்டு கோடுகள் விழுந்தன, ஒன்று வெயிலுக்கு, ஒன்று மழைக்கு.

கிளம்பும் நாளில் காதர் காக்கா, "நீ என் பின்னாலேயே வா" என்றார். யார் வண்டியை நம்ப முடியாதோ அவர்களைத் தலைவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது குழுவின் வழக்கம். வாலில் ரமீஸ். வழியில் நின்றவர்களைக் கிளப்பிக்கொண்டு வரவேண்டிய கெட்டிக்காரனுக்குத்தான் அந்த இடம். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

மலேசியாவுக்குள் யோங் பெங்கில் பிடித்த மழை தாப்பாவரை விடவில்லை. ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் மற்ற ஏழு பேரும் ஸ்பிரே டப்பாவோடு செயினுக்கு முன்னால் குத்தவைத்தார்கள். பதுருன்னிசா திருகை மழைக்கான கோட்டுக்குத் திருப்பி வைத்துவிட்டுத் தே தாரிக் குடித்தாள்.

கிரிக் ஊரைத் தாண்டி மலை ஏறும்போது பின்னால் கீச்சென்று ஒரு சத்தம். ஆனால் சத்தம் அவள் வண்டியில் இல்லை, ரமீஸின் வண்டியில். எல்லாருடைய ஸ்பிரேயும் தீர்ந்திருந்தது, அவன் செயினின் கண்ணிகள் மடங்காமல் விறைத்துப்போயிருந்தன. எல்லாரும் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, அவள் உபரி எண்ணெயோடு தரையில் உட்கார்ந்தாள். கண்ணி கண்ணியாக எண்ணெய் விட்டு, விரலால் அசைத்து, தொய்வைச் சரிசெய்து எழுந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. சத்தம் போயே போய்விட்டது.

காதர் காக்கா அவளுடைய செயினில் விரலை ஓட்டிப் பார்த்தார். விரல் பளபளத்தது. "அரை நாள் மழையில வந்த செயினா இது?" என்றார். விரலைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ரமீஸ், நீ என் பின்னால வா" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "வால்ல பதுரு வரட்டும்."

ஏழு வண்டிகளும் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து மேலே ஏறின. ஹெல்மெட்டுக்குள் அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். கடைசியாகப் போவதற்காக வாழ்நாளில் அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.