நாலு டிரான்சிஸ்டர்

டோரதி போர்டின் மேல் கர்ச்சீப்பைப் போர்த்தி, "தொட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் பூசைக்குப் போனாள். பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பது வருஷமாக எலக்ட்ரீஷியனாக இருக்கும் கிளமென்ட், மனைவி தெரு திரும்பியதும் கர்ச்சீப்பை எடுத்தார்.

சின்ன ரோபோ வண்டியின் மோட்டாரை ஓட்டுகிற சர்க்யூட். நாலு டிரான்சிஸ்டர், ஒரு ஜோடி வேலை செய்தால் வண்டி முன்னே போகும், இன்னொரு ஜோடி என்றால் பின்னே. ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் டோரதி, ஸ்ரீரங்கத்தில் சாரா பீவி நடத்தும் ஞாயிறு வகுப்பில் சேர்ந்து, மூன்று வாரம் உட்கார்ந்து பற்றவைத்திருந்தாள். மோட்டாரும் சக்கரமும் வகுப்பிலேயே இருந்தன. இன்று எல்லார் முன்னாலும் மாட்டி ஓட்ட வேண்டும்.

நாலுமே திரும்பி நிற்பதாகப் பட்டது அவருக்கு. அவர் கை பழகிய டிரான்சிஸ்டருக்குக் கால்களின் வரிசை வேறு. பாவம், பதற்றத்தில் மாற்றிவிட்டாள் என்று நினைத்தார். வந்ததும் கேட்டிருக்கலாம். பக்கத்திலேயே அவள் நோட்டு இருந்தது, திறந்து பார்த்திருக்கலாம். நாலையும் கழற்றித் திருப்பிப் பற்றவைத்தார். சந்தோஷமாகவே செய்தார். கர்ச்சீப்பைப் பழையபடி போர்த்தி வைத்தார்.

ஸ்ரீரங்கத்தில் டோரதி ஸ்விட்சைப் போட்டதும் சக்கரம் ஒருமுறை நடுங்கியது. அப்புறம் கருகல் வாசனை.

சாரா பீவி குனிந்து பார்த்தாள். "டோரதிக்கா, நாலையும் திருப்பி வச்சிட்டீங்களே."

"நோட்ல சரியாத்தானே வரைஞ்சிருக்கேன்?"

"நோட்டு சரிதான். கைதான் சொன்ன பேச்சு கேக்கல. விடுங்கக்கா, நான் எரிக்காத டிரான்சிஸ்டரா?"

எல்லாரும் சிரித்தார்கள். டோரதியும் சிரித்தாள். கிளமென்ட், கையிலேயே இருந்த ஸ்கூட்டர் சாவியைச் சட்டைப்பையில் தேடினார்.

காவிரிப் பாலத்தில் பின்னாலிருந்து பேசினாள்.

"ஒவ்வொண்ணா பாத்துதாங்க வச்சேன். வச்சதுகூட ஞாபகம் இருக்கு."

"ம்."

"நடக்காதத நடந்த மாதிரி சொல்றேன் பாருங்க. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"சும்மா இரு. இதுக்குப் போயி..."

"கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க."

பாலம் முடியும்வரை சொல்ல நேரம் இருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்தது, பாலக்கரை வந்தது, வீடும் வந்துவிட்டது.

அந்த வாரம் சமையலறை டப்பாக்களில் காகிதம் ஒட்டினாள். உப்பு. சர்க்கரை. ரவை. அடுப்புக்கு மேலே, 'அணைத்தேனா?' அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை.

கிளமென்ட் மட்டும் போய் மோட்டாரையும் சக்கரத்தையும் வாங்கி வந்தார். புதிதாக நாலு டிரான்சிஸ்டரை, அவள் நோட்டில் வரைந்திருந்தபடியே பற்றவைத்தார். ஓட்டிக் காட்டிவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தார். வண்டி கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் போய், டோரதியின் காலில் முட்டியது.

"அட, ஓடுதே! நீங்க கை வச்சா ஓடாம இருக்குமா?"

"டோரதி, அன்னைக்கு நீ பூசைக்குப் போனப்ப..."

"இருங்க, இருங்க." ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த நோட்டையும் பேனாவையும் நின்ற இடத்திலிருந்தே வாங்கினாள். தான் வரைந்த படத்தின் மேல் குறுக்கே அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தைத் திருப்பிப் பேனாவோடு நீட்டினாள்.

"எந்தக் கால் எங்கன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. நான் எழுதுனத இனிமே நம்ப முடியாது."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். வெற்றுப் பக்கத்தில் அவள் இழுத்த கோட்டின் தடம் பள்ளமாகத் தெரிந்தது. கீழே, போக வழியில்லாமல், வண்டியின் சக்கரங்கள் அவள் பாதத்துக்கு எதிரே சுற்றிக்கொண்டே இருந்தன.