யோகராஜுக்குத் தெரியாதவை

"அலவத்துகொடைக்கா? அங்க யாருக்குண்ணே சொன்ன?"

"முஹ்ஸின் நானாவுக்கு."

"எப்பிடிப் போன?"

"பஸ்ல."

"பஸ்லன்னு தெரியுது. எந்த பஸ்ல?"

"கண்டி பஸ்ல போயி, அங்க எறங்கி மாத்தளை பஸ்ல ஏறணும்" என்றான் யோகராஜ், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

யசோதினி அவனுடைய வெள்ளைச் சட்டையின் காலரை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயது. எழுதப் படிக்க வரவில்லை. பத்துக்கு மேல் எண்ண வராது. ஆனால் கலஹா தேயிலைத் தோட்டத்தில் யார் செத்தாலும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்ச் சொல்வது அவன்தான். ஒரு வீடும் விடுபடாது. நேற்றுக் காலை, தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடியே அம்மா பாலம்மா போய்விட்டாள். அழுது முடித்ததும் அவன் முகம் கழுவிக்கொண்டு அந்த வேலைக்குக் கிளம்பிவிட்டான். இந்தத் தடவை தோட்டத்தோடு நிற்கவில்லை.

"வேற யாருக்கு?"

"கண்டக்டருக்கு. டயர் கடைக்கு. கோயில் ஐயருக்கு. சேர்ச் சுவாமிக்கும். பொறகு ஆபீஸ் மிஸ்ஸுக்கு."

யசோதினியின் கை காலரிலேயே நின்றது.

வெளியே பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா மூன்றாவது தடவையாக அடுப்பில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தாள். "அம்பது பேருக்குப் போட்ட கணக்குடி! எறநூறு பேரு வந்து நிக்கிறாங்க. என் கல்யாணத்துக்குக்கூட இந்தக் கூட்டம் இல்ல. மாப்பிள்ளையே பிந்தித்தான் வந்தாரு."

கிளப்பில் எடுத்த கதிரைகள் எல்லாரும் உட்காரப் போதவில்லை. ஐயரும் சுவாமியும் ஒரே வாங்கில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். முஹ்ஸின் நானா வியர்வையைத் துடைத்தபடி வந்தார். முன்பு துணி மூட்டையோடு லயத்துக்கு வந்து விற்றுப் போனவர். அலவத்துகொடையில் கடை போட்ட பிறகு அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் யோகராஜை அங்கே கூட்டிப் போவாள்.

"தங்கச்சி, மனுசன் கடைக்கி முன்னுக்கு வந்து நின்டு, 'அம்மா மௌத்து, நாளைக்கி மூணு மணிக்கி எடுக்கிறோம், வாங்க'ன்டு செல்லிட்டு, டீயும் குடிக்காமப் போய்ட்டான். இன்னும் ஆள்களுக்குச் செல்லணுமாம்!"

யசோதினிக்குச் சிரிப்பு வந்தது. அம்மா செத்ததிலிருந்து முதல் தடவை. அதே நேரம் படிக்கட்டில் ஒரு குடை ஏறி வருவது தெரிந்தது.

ஆபீஸ் மிஸ் டிலானி. பிரதேச செயலகத்தில் சமூக சேவைக்கு வந்து ஆறு மாதம்தான். அம்மாவைக் கும்பிட்டாள், தேநீரை முழுவதும் குடித்தாள், பிறகு யசோதினியைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் கூட்டிப் போனாள்.

"நீங்க கண்டியில போர்டிங்ல இருக்கிறீங்க என்ன? இவரோட இங்க யாரு இருப்பாங்க?"

"பாக்கியம் அக்கா பக்கத்து வீடு மிஸ். நான் ஞாயித்துக்கிழமை வருவேன்."

"இந்த ஃபைல்ல அப்பிடி இல்லையே." டிலானி பக்கங்களைப் புரட்டினாள். "சமைக்க, முடியாது. கடைக்குப் போக, முடியாது. தனியாப் பயணம் செய்ய, முடியாது. பதினஞ்சு வருஷமா இதேதான். கூடவே இருக்கிற பாதுகாவலர் இல்லாட்டி நான் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் எழுதணும். இப்ப ஒரு இடம் காலியா இருக்கு. இன்னைக்கே பதில் கேக்கிறாங்க."

ஒரு தடவை, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அண்ணன் பதினொரு நாள் அப்படி ஓர் இல்லத்தில் இருந்தான். யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. திரும்பி வந்தவன் சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டான்.

"ஃபைல்ல இருக்கிறது பொய் மிஸ்" என்றாள் யசோதினி. "மாசாமாசம் வர்ற உதவிக் காச வெட்டிருவாங்கன்னு பயந்து அம்மா சொல்லிக் குடுத்தது. என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும்னு."

அது அவர்கள் இருவரின் விளையாட்டு. ஆபீஸில் எல்லாவற்றுக்கும் 'தெரியாது' சொல்லிவிட்டு, பஸ் ஏறியதும் வடையைப் பிய்த்துத் தின்றபடி அம்மாவும் மகனும் கலஹா வரை சிரித்துக்கொண்டே வருவார்கள்.

டிலானி ஃபைலை மூடினாள். பிறகு வேறொரு தாளை எடுத்தாள். "புதுசா ஒரு படிவம் வந்திருக்கு. தன் பாட்டில சமாளிக்கக்கூடியவங்க வீட்டிலயே இருக்கலாம். மாசம் ஒருக்கா நான் வந்து பாப்பேன். ஆனா அவரே வாயால சொல்லணும்."

யோகராஜைக் கூப்பிட்டார்கள். வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். பாக்கியம் அக்காவும் முஹ்ஸின் நானாவும் வேறு சிலரும் பின்னாலேயே வந்தார்கள்.

"யோகராஜ், இவ்வளவு பேருக்கும் யாரு போய்ச் சொன்னது?"

அவன் டிலானியின் ஃபைலைப் பார்த்தான். கண்கள் உடனே மங்கின. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

"தெரியாது."

"தனியா பஸ்ல போவீங்களா?"

"தெரியாது."

"அடப்பாவி!" முஹ்ஸின் நானா தலையில் கை வைத்தார். "நேத்து என்ட கடைக்கி வந்தது யாருடா? ஜின்னா, பேயா?"

கூட்டம் சிரித்தது. டிலானியும் சிரித்துவிட்டாள். "நானா, நீங்க சொன்னா எழுத ஏலாது."

"எனக்கு முந்தாநேத்து ரொட்டி சுட்டுக் குடுத்தான் மிஸ்" என்றாள் பாக்கியம் அக்கா. "கருகல்தான். ஆனா சுட்டான்."

"அடுப்புப் பத்த வைப்பீங்களா, யோகராஜ்?"

"தெரியாது" என்றான் அவன், முன்னைவிட அழகாக. சொல்லிவிட்டு, வாசலில் பெட்டியில் கிடந்த அம்மாவின் பக்கம் திரும்பிப் பார்த்தான். உதட்டு ஓரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

மேல் லயத்துப் பக்கம் தப்பு மேளச் சத்தம் தொடங்கியது. மூன்று மணியாகப் போகிறது. யாரோ பெட்டி மூடியை எடுத்து வந்தார்கள். டிலானி பேனாவை மூடவில்லை.

"இன்னும் ஒருக்கா கேக்கிறேன்" என்றாள் மெதுவாக.

யசோதினி அண்ணனின் கட்டியிருந்த கைகளைப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவன் இன்னும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இங்க பாரு. இன்னைக்கு மட்டும் தெரியும்னு சொல்லுண்ணே."