ஜுபைல் தெரிந்த கண்

தாராவியில் ஒரு சந்தில் குடியிருந்த பேகத்தின் இடது கண்ணில் புரை முற்றிய வருஷம், அந்தக் கண்ணில் தாராவி தெரிவது நின்று சவூதியின் ஜுபைல் தெரிய ஆரம்பித்தது. வலது கண் சின்ன வயதிலேயே அம்மை வார்த்ததில் போய்விட்டது. ஆகவே அவளுக்கு மிஞ்சியிருந்த பார்வை அவ்வளவும் ஜுபைலாகத்தான் இருந்தது. ஜுபைல் என்றால் ஊர் முழுவதும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் அவள் மகன் அப்ரார் எதைப் பார்க்கிறானோ அது மட்டும். அவன் தட்டைப் பார்த்தால் தட்டு, பஸ்ஸைப் பார்த்தால் பஸ், அவன் தூங்கினால் இருட்டு. வெங்காயம் விலை ஏறியதைக் கேட்டுக்கொள்வது போலத் தெரு இதையும் கேட்டுக்கொண்டது. ஜுபைலில் பிள்ளைகளை வைத்திருந்த ஒன்றிரண்டு பேர் மட்டும் வந்து, தங்கள் பிள்ளை கண்ணில் பட்டானா, மெலிந்திருக்கிறானா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சிரமமெல்லாம் நடமாட்டத்தில்தான். அங்கே அப்ரார் படி ஏறினால் இங்கே பேகம் சமதரையில் காலைத் தூக்கினாள். அவன் ரோட்டைக் கடக்கும்போது இவள் அடுப்படியில் லாரிக்கு ஒதுங்கி நின்றாள். கட்டர் சாக்கடையில் விழுந்து எழுந்தாள், கொதிக்கிற சோற்றுப் பானையில் கையை வைத்தாள். இதையெல்லாம் தாங்கிக்கொண்டவள் மகள் நுஸ்ரத். கட்டிக்கொடுத்த இடம் ஒத்து வராமல் திரும்பி வந்தவள், வாப்பா ஜெயினுலாப்தீன் மவுத்தான பிறகு அவருடைய தோல் பை தைக்கும் கார்கானாவை மாடியில் நடத்திக்கொண்டிருந்தாள். மேலே ஜிப் தைப்பாள், கீழே வந்து உம்மாவின் தட்டில் மீன் முள் எடுத்து வைப்பாள், மறுபடி மேலே ஓடுவாள். வீடியோ காலில் உம்மாவை அப்ராருக்குக் காட்டப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவளும் அவள்தான். அப்ரார் உம்மாவைப் பார்ப்பான், அவன் கண் வழியாக உம்மா தன்னையே பார்த்துக்கொள்வாள், சற்றுச் சதை போட்டிருப்பதாகச் சொல்வாள்.

அப்ராருக்கு இது தெரியவந்தது ஒரு ரமலான் மாதத்தில். ஏ.சி. போட்ட ஸ்டோரில் உட்கார்ந்து கணக்கு எழுதுவதாகத்தான் அவன் வீட்டில் சொல்லி வைத்திருந்தான். உம்மா போனில், சாரப் பலகையில் நடக்கும்போது கைப்பிடி இல்லாத பக்கம் போகாதே என்று சாதாரணமாகச் சொன்னாள். அவன் மறுநாளிலிருந்து கைப்பிடி உள்ள பக்கமாகவே நடந்தான். ஸ்டோர் விஷயத்தை அவனும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சிகரெட்டை விட்டான். கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்ததில் மீசை கருகியதுதான் மிச்சம். எதைப் பார்ப்பதற்கு முன்னும் பார்க்கலாமா என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்ததால் அவனுக்கு நிம்மதி என்பதே போயிற்று. ஊருக்கு வரவும் வழியில்லை. முதலில் கொரோனா வந்தது, பிறகு கம்பெனி கை மாறியது, பிறகு ஆள் போதாது என்று லீவைத் தள்ளிக்கொண்டே போனார்கள்.

இப்படி ஆறேழு வருஷம் போன பிறகு நுஸ்ரத் உம்மாவை ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். புரை பழுத்துவிட்டது, இனியும் விட்டால் உள்ளேயே கசிந்து கண் செத்துப்போகும், அப்புறம் வெளிச்சம் இருட்டு கூடத் தெரியாது என்றார். ஜுபைல் தெரிவதை நுஸ்ரத் சொன்னதற்கு, பழுத்த புரையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பேகம் ஆபரேஷனுக்கு ஒப்பவில்லை. புரையை எடுத்தால் பிள்ளையும் சேர்ந்து போய்விடுவான் என்பது அவளுக்குத் திட்டமாகத் தெரிந்தது. எடுக்காவிட்டால் கண்ணோடு போவான் என்று நுஸ்ரத் சொல்லிப் பார்த்தாள். அதுவரைக்குமாவது பார்த்துக்கொள்கிறேன் என்றாள் பேகம்.

ஆகவே ஆபரேஷன் ஏற்பாட்டை அப்ரார் கையில் எடுத்துக்கொண்டான். கடல் தாண்டிப் போன பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் குழாய் ஒழுகினாலும் தாங்கள் போன் பண்ணினால்தான் நிற்கும் என்று நம்புவார்கள். செம்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியை இணையத்தில் தேடிப் பிடித்து, நாள் வாங்கி, நுஸ்ரத்துக்குச் செய்தி அனுப்பினான். அவன் தேடியதையும் நாள் வாங்கியதையும் பேகம் கூடவே பார்த்துக்கொண்டிருந்தாள். குறித்த நாளன்று விடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கல்யாணில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு ரயிலேறிவிட்டாள். அடுத்த முறை, ஆபரேஷனுக்கு முன் சர்க்கரை பார்க்கிற நாள் எது என்று தெரிந்துகொண்டு, பரணில் இருந்த திருநெல்வேலி அல்வாவைத் தடவி எடுத்து முக்கால்வாசி தின்றாள். சர்க்கரை ஏகத்துக்கும் காட்டியது, ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த முறை, கண் ஆபரேஷன் செய்தால் ஒரு மாதம் குனியக்கூடாதாம், நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூது இல்லாமல் என்ன தொழுகை என்று உட்கார்ந்துகொண்டாள். நுஸ்ரத் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே போய்க் கேட்டு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சற்றுத் தாழ்த்தினால் போதும், அல்லாஹ் கண் ஆபரேஷன் ஆனவர்களைப் பிடித்துத் தள்ளுவதில்லை என்று அவர் சொல்லியனுப்பினார். அதற்குள் நாள் தவறிவிட்டது.

எழுதினால் படிக்கிறாள், எண்ணை அழுத்தினால் விரலைப் பார்க்கிறாள் என்று ஆனதும் அப்ரார் வேறு வழி கண்டுபிடித்தான். ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள், காலையிலேயே கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டான். அறையில் கூட இருந்த சங்கரன்கோவில்காரன் பேச்சிராஜா எண்களை அழுத்திக் காதில் வைத்தான். ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்தவள் இன்ஷூரன்ஸுக்கு மாற்றினாள், இன்ஷூரன்ஸ்காரன் டாக்டரின் உதவியாளுக்கு மாற்றினான், அவன் கவுன்டருக்கே திருப்பினான். நடுநடுவே ஒரு பாட்டைப் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். துண்டை அவிழ்க்காமலே அப்ரார் டீ குடித்தான், துண்டோடே தோசை தின்றான். சட்டினி தொட்டுக்கொள்ள மட்டும் பேச்சிராஜா உதவினான்.

தாராவியில் பேகத்துக்கு இருட்டிவிட்டது. தூக்கத்தின் இருட்டு அவளுக்குப் பழக்கம். அது மெல்ல வரும், நடுவில் ஒரு தடவை விலகி அறையின் மின்விசிறி தெரியும், மறுபடி மூடும். இது அப்படி இல்லை. பல் விளக்கிவிட்டு வந்த பிள்ளை, பட்டப்பகலில், அப்படியே அணைந்துபோனான். கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு நுஸ்ரத்தைக் கூப்பிட்டுப் போன் போடச் சொன்னாள். லைன் பிஸியாகவே இருந்தது. இத்தனை நேரம் ஒருவன் யாரிடம் பேசுவான்? பேகம் நெஞ்சில் கையை வைத்து, மவுத்துச் செய்தி கேட்டவள் போல, இன்னா லில்லாஹி என்று சொன்னாள்.

பேகத்தின் கண் இதுவரை பொய் சொன்னதில்லை என்பதால் தெரு யோசிக்கவில்லை. பெண்கள் வந்து உட்கார்ந்து இறந்தவனுக்காக யாசீன் ஓதத் தொடங்கினார்கள். யாரோ பாய் விரித்தார்கள், யாரோ பெரிய கெட்டிலில் சாய் வைத்தார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஆண்கள் ஹஜ்ரத்தைச் சூழ்ந்துகொண்டு காயிப் ஜனாஸா தொழ வைக்கச் சொன்னார்கள். வெளியூரில் இறந்து உடல் வராதவர்களுக்குத் தொழும் தொழுகை அது. சவூதியில் போனவனின் உடலை எப்போது அனுப்புவார்களோ என்றார்கள். ஹஜ்ரத்துக்கும் பேகத்தின் கண்ணைப் பற்றித் தெரியும். இருந்தாலும் சாயங்காலம் அஸர் தொழுகை வரை பார்ப்போம் என்றார். நுஸ்ரத் மட்டும் அழவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து மறுபடி மறுபடி அந்த எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தாள்.

அவள் போன் அடித்தது. செம்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண், நோயாளியின் சரியான வயது என்ன என்று இந்தியில் கேட்டாள். எந்த நோயாளி, யார் கேட்டது என்றாள் நுஸ்ரத். அப்ரார் என்கிறவர் இன்னொரு லைனில் இருக்கிறார், உம்மா வயதில் அவருக்குச் சந்தேகமாம், அக்காவிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார் என்றாள் அந்தப் பெண். நுஸ்ரத் வயதைச் சொன்னாள். அவரைப் போனை வைக்கச் சொல்லுங்கள் என்றாள். பிறகுதான் அழுதாள்.

அப்ராரின் லைன் கிடைத்ததும் போனை உம்மாவின் காதில் வைத்தாள். யாசீன் ஓதியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

"லேய் அப்ரார், கண்ண எங்கலே வச்சிருக்கே?"

"துண்டு கட்டிருக்கேன் உம்மா. நீங்க பாத்திரக்கூடாதுன்னுதான்."

"கண்ணத் தொற. நான் ஆபரேசனுக்கு வாறேன். எந்த நாள்னாலும் வாறேன். நீ கண்ணத் தொற, வாப்பா."

அவன் துண்டை அவிழ்த்தான். பேகத்துக்கு முதலில் தெரிந்தது பனியனோடு நின்ற பேச்சிராஜாவின் முகம். அவ்வளவு அழகான முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை என்று பிறகு பல தடவை சொல்லியிருக்கிறாள். வந்தவர்கள் சாயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள். ஆபரேஷன் நடக்கும்போது அப்ரார் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். அவன் பார்ப்பதைத்தான் இத்தனை வருஷம் பார்த்தாள், அவனை ஆற அமரப் பார்க்க வேண்டும். அந்த நாளில் அவன் காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகாமல் தொழிலாளர் கேம்ப் குளியலறைக் கண்ணாடி முன் நின்றான். வெளியே வாளியோடு நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். செம்பூரில் பேகத்தைப் படுக்க வைத்துக் கண்ணைச் சுற்றி ஊசி போட்டார்கள். தாடியில் நரை கண்டிருந்தது அவனுக்கு. நெற்றியில் ஒரு புதுத் தழும்பு. டாக்டர் புரையை உடைத்து உறிஞ்ச உறிஞ்ச அப்ரார் துண்டு துண்டாகக் குறைந்தான். முதலில் நெற்றி போயிற்று, பிறகு ஒரு பக்கக் கன்னம். தாடி மட்டும் இருக்கு, கொஞ்சம் நிறுத்துங்க என்று பேகம் தமிழில் சொன்னாள். பேசக்கூடாது மாஜி என்று நர்ஸ் ஸ்மிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தாடியும் போனது.

ஜுபைலில் அப்ராருக்குக் கண் திடீரென்று லேசாயிற்று, தலைச்சுமையை இறக்கியது போல. கண்ணாடியில் நின்றவனை இப்போது அவன் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கதவைத் திறக்காமல் அங்கேயே நின்றான். சாயங்காலம் போன் செய்தான். கட்டுப் போட்டுப் படுத்திருந்த உம்மாவின் காதில் நுஸ்ரத் போனை வைத்தாள்.

"உம்மா, நான் அழுதேன்."

"தெரியலியே வாப்பா. நீ சொல்லித்தான் தெரியுது."

இனிமேல் சொல்லுகிறேன் என்றான். சொல்லவும் செய்தான். தான் ஸ்டோரில் இல்லை, சாரத்தில் ஏறிக் குழாய் மாட்டுகிற வேலை, வந்த நாள் முதல் அதுதான் என்றான். பேகம் முதன்முதலாகக் கேட்பவள் போல, அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டாள். கைப்பிடி உள்ள பக்கமாகவே நடப்பதையும் அவனே சொன்னான்.

மறுநாள் காலை ஸ்மிதா கட்டைப் பிரித்து, சொட்டு மருந்து விட்டு, விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டாள். பேகம் விரலைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருத்தி நின்றாள். முன்மயிர் பூராவும் வெளுத்து, கழுத்தெலும்பு தெரிய, ஒரு பல் போய், கைவிரல்களெல்லாம் தையலூசி குத்திக் கருத்துப்போனவள். யாரோ பக்கத்துக் கட்டில்காரி என்று பேகம் நினைத்தாள். என் மகள் எங்கே என்று அவளிடமே கேட்டாள்.

"நாந்தான் உம்மா."

குரல் நுஸ்ரத்துடையதுதான். பேகம் கையை நீட்டி அந்த முன்மயிரைத் தொட்டாள்.

"ஏளா, எப்பலேந்து இப்படி ஆனே?"

யாரும் கேட்டதில்லை என்பதால் நுஸ்ரத் பதில் யோசித்து வைக்கவில்லை. மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அதன்பிறகு அந்தக் கண்ணில் ஜுபைல் தெரியவில்லை. அப்ரார் மட்டும் வெகுநாள் வரை, படியேறுமுன் நின்று படியை நன்றாகப் பார்த்துவிட்டே ஏறினான். பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம் பேகம், இனி நீங்களே போன் போட்டுக் கேளுங்கள் என்றாள், அவர்களும் சரி என்று போனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று செம்பூரிலிருந்து தாராவிக்குப் பக்கத்துச் சயான் வரை ஆட்டோவில் வந்தார்கள். ஆறேழு வருஷமாகப் பார்க்காத ஊர், புதுப் பாலமெல்லாம் வந்திருக்கிறது, வெளியே பாருங்கள் உம்மா என்று நுஸ்ரத் சொல்லிக்கொண்டே வந்தாள். பேகம் வழி முழுவதும் நுஸ்ரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.