கட்டை அன்பழகனுக்கு ஒரு ரன்

காரைக்கால் பக்கத்து விழிதியூர் கிரிக்கெட் அணியில் அன்பழகனுக்குக் 'கட்டை' என்று பெயர். உருவத்தைப் பார்த்து வைத்ததல்ல. எந்தப் பந்து வந்தாலும் மட்டையை நீட்டிக் கட்டை போட்டுவிட்டு, கோப்பையை வாங்கிவிட்டவரைப் போல நிற்பார். ரன்னும் வராது, ஆளும் நகரமாட்டார். எதிரணிக்காரர்கள் நடுவில் டீ குடித்துவிட்டு வந்ததுண்டு.

இப்போது அவர் மானத்துக்குச் சோதனை கையகலப் பெட்டி ஒன்றின் வடிவில் வந்தது. மனைவி வினோதாவின் தம்பி ஜெயபிரகாஷ் பிரான்சிலிருந்து வந்தபோது, அன்பழகனின் மகள் தமிழ்மொழிக்கு ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தான். உள்ளே இருந்தது ஒரே ஆட்டம், பேஸ்பால். மெனு முழுக்க பிரெஞ்சு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலில் பிரெஞ்சு தெரிந்தவரைத் தேடினால் கிடைப்பார். பேஸ்பால் தெரிந்தவருக்கு எங்கே போவது?

ஒரே அணிக்கு இரண்டு பேர் மாற்றி மாற்றி மட்டை பிடிக்கலாம். தோழி நுஸ்ரத் லீவுக்கு நாகூர் போயிருந்ததால், ஒன்பதாம் வகுப்பு முடித்த தமிழ்மொழி வேறு வழியின்றி அப்பாவைப் பார்த்தாள். வெகுநாளாக அவர் எது கேட்டாலும் 'ம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"நுஸ்ரத் வர்ற வரைக்குந்தான். அதுக்குள்ள ஒரு ரன்னாவது எடுத்தா டீம்ல வச்சிக்கிறேன்."

பதவி உயர்வுத் தேர்வைக்கூட அன்பழகன் இவ்வளவு பயபக்தியோடு அணுகியதில்லை.

ஆட்டத்தில் நல்லது இல்லாமலில்லை. பந்து அடுத்த வீட்டுக்குள் விழுந்து காசியம்மாவிடம் திட்டு வாங்க வேண்டியதில்லை. மட்டைக்குச் சொந்தக்காரன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. ஆனால் வெயிலில் திரை தெரியாது. எழுத்து கடுகளவு. பார்வையாளர்கள் அத்தனை பேருக்கும் ஒரே முகம், ஒரே சட்டை. ரன் எடுப்பதும் லேசில்லை. சாமி நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வருகிற மாதிரி, மூலைக்கு ஒன்றாக இருக்கும் மூன்று பேஸையும் தொட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, அன்பழகன் கட்டை போட்டதும் திரையிலிருந்த ஆள் தானாக ஓடத் தொடங்கியதுதான். பாதி வழியிலேயே அவுட்.

"தட்டிட்டு நிக்கத்தானே பாத்தேன். இவன் ஏன் ஓடுறான்?"

"இதுல தொட்டா ஓடித்தாம்ப்பா ஆவணும்."

"கேக்காம கொள்ளாம ஓடுறவன்லாம் ஒரு பார்ட்னரா?"

"அது பார்ட்னர் இல்லப்பா. அதான் நீங்க."

வீசி அடிக்கப் பழகினார். ஆபீஸில் ஸ்கேலைச் சுழற்றியபோது பக்கத்து மேசை காஜா நஜ்முதீன், "கொசுவா சார்?" என்றார். அப்படியும் மூன்று வீச்சில் மூன்றும் காற்றைத்தான் அடித்தன.

ஒரு சாயங்காலம் நுஸ்ரத் வந்து நின்றாள். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தமிழ்மொழி ஓங்கி அடித்ததில் அவள் ஆள் மூன்றாவது பேஸில் நின்றான். கேமை அப்பாவிடம் நீட்டினாள்.

"இதான் கடைசி. பெருசா அடிங்கப்பா."

பந்து வந்தது. மூளை 'வீசு' என்றது. விழிதியூரில் வளர்ந்த கட்டைவிரல் கேட்கவில்லை. கட்டை போட்டது. பந்து காலடியில் உருண்டது, அவர் ஆள் ஓடினான், வழக்கம்போல அவுட். அன்பழகன் மகளின் முகத்தைப் பார்க்காமல் கேமைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏய், ரன்னு வந்திருக்குடி" என்றாள் நுஸ்ரத்.

எதிரணி அவரை அவுட்டாக்கும் மும்முரத்தில் இருந்தபோது, மூன்றாவது பேஸில் நின்றவன் வந்து சேர்ந்திருந்தான்.

"ஓடி வந்தது என் ஆளு. அது என் ரன்னு" என்றாள் தமிழ்மொழி.

"அங்கிள் தட்டலன்னா அவன் அங்கேயேதான்டி நின்னுருப்பான்."

தமிழ்மொழி யோசித்தாள். அன்பழகன் மூன்றாவது அம்பயரின் தீர்ப்புக்குக் காத்திருப்பவரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சரிப்பா. மூணாவது பேஸ்ல ஆளு நின்னா மட்டும் கூப்புடுறேன். வந்து கட்டை போட்டுட்டுப் போயிடணும். மத்த நேரம் நுஸ்ரத்துதான்."

"போதும்" என்றார் அன்பழகன். உண்மையிலேயே போதுமென்றுதான் இருந்தது.

அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பற்றித்தான் என்பதில் சந்தேகமில்லை.

அடுப்படியிலிருந்து வினோதா குரல் கொடுத்தாள். "ஏங்க, கிளிஞ்சல்மேட்டு மீன் வண்டி வந்திருக்கு. போய்ப் பாருங்க."

"இரு வினோதா" என்றார் அவர், எழுந்திருக்காமல். "ரெண்டாவதுல ஆளு நிக்கிறான்."