ரெகவரியில் இடமில்லை

வியாழக்கிழமை சாயங்காலம் என் கணவன் லைல், பனிக்கட்டித் தரையில் கல் சறுக்கி விளையாடும் தன் கர்லிங் குழுவின் ஆட்ட அட்டவணையைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தபோது, திரையின் மூலையில் ஒரு எச்சரிக்கைக் கட்டம் எழும்பி வந்தது. ரெகவரி டிரைவில் இடம் தீரப்போகிறது என்றது. கணினி சாப்பாட்டறையில் இருப்பதால் அடுப்படியிலிருந்து பார்த்தாலே திரை தெரியும். நான் இறைச்சியைக் கிளறுவதை நிறுத்திவிட்டேன். அவன் கட்டத்தை மூடினான். கொஞ்ச நேரத்தில் அது திரும்ப வந்தது.

"என்னத்தத் தின்னுது இந்த மெஷினு? உன்ன மாதிரியே, ஒரு வேலையும் செய்யாம பெருக்குது."

"எனக்கென்ன தெரியும், லைல்."

"அதான, உனக்குத்தான் எதுவுமே தெரியாதே ராசாத்தி," என்று சிரித்தான்.

லைல் சிரித்த முகக்காரன். எங்கள் ஊரில் அவனைப் பிடிக்காதவர் யாரும் கிடையாது. பனி கொட்டினால் பக்கத்து வீட்டு வாசலில் கிடப்பதையும் சேர்த்துத் தள்ளிக் கொடுத்துவிட்டு வருவான். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு அவன் எப்படி என்பது எனக்கும் இந்தச் சுவர்களுக்கும் மட்டும் தெரியும்.

சுவர்களோடு அந்த ரெகவரி டிரைவுக்கும் தெரியும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பது அவன் வழக்கம். கைப்பை, கார், உள்பாவாடை அலமாரி எல்லாவற்றிலும் கை விடுவான். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு இழுப்பறை கிடையாது. கணினி வாங்கிய புதிதில் அவன் ஒருமுறை ரெகவரியைத் திறந்தான். மெஷின் கெட்டுப்போனால் மீட்பதற்கான இடம் இது, தொடாதே என்று எழுதியிருந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருள் உடைந்துவிடுமோ என்பது ஒன்றுதான் லைலுக்குப் பயம். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அவன் தானியக் கிடங்கிலிருந்து வீடு திரும்புவதற்குள் போனில் எடுத்ததை அங்கே மாற்றிவிட்டு, போனைத் துடைத்து வைப்பேன். என் கைகளின் படம், கழுத்தின் படம், அடுப்படியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் போனைச் சாய்த்து வைத்து எடுத்த வீடியோக்கள்.

நூலகத்துப் போனிலிருந்து பிராண்டன் நகரத்தில் உள்ள பெண்கள் உதவி அலுவலகத்துக்குப் பேசியபோது அங்கே இருந்த பெண், "எதையும் அழிச்சுடாதீங்க. கையோட கொண்டுவந்தீங்கன்னா அன்னைக்கே பாதுகாப்பு உத்தரவு கேட்டு நீதிபதிகிட்ட போயிடலாம்," என்றாள். திங்கட்கிழமை லைல் போட்டிக்காக டாஃபின் போகிறான். எல்லாவற்றையும் மறுபடி போனில் ஏற்றிக்கொண்டு நான் பிராண்டன் போக வேண்டியது. அதுவரை அவன் கண்ணில் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த டிரைவ் அத்தனை சின்னது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. மெஷினின் சாமான்களே அதை முக்கால்வாசி அடைத்திருந்தன. ஒளித்து வைக்கத் தெரிந்தவளுக்கு அளந்து பார்க்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போனதும் அழிக்க உட்கார்ந்தேன். வேறெங்காவது மாற்றலாம் என்றால் பென்டிரைவ் வேண்டும். அதை விற்கும் ஒரே கடையில் கல்லாவில் இருப்பது லைலின் தங்கை. ஒவ்வொரு படத்தின் மேலும் விரலை வைத்து வைத்து எடுத்தேன். அழித்தால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். லைல் எப்போதும் அப்படித்தான் சொல்வான், நீயா கற்பனை பண்ணிக்கிற என்று. கடைசியில் இருப்பதிலேயே சின்ன வீடியோ ஒன்றை மட்டும் அழித்தேன். கட்டம் வரவில்லை. அன்று ராத்திரி நடந்ததில், விடிந்து அவன் எழுவதற்குள் புதிதாக இரண்டு படம் சேர்க்க வேண்டி வந்தது.

சனிக்கிழமை காலையில் மூலையில் கட்டம் மறுபடி நின்றது. லைல் போனை எடுத்தான்.

"வெர்ன் வந்து பாக்குறேன்னான். காபி போட்டு வை."

வெர்ன் பள்ளிக்கூடத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். முப்பது வருஷமாக லைலோடு ஒரே குழுவில் ஆடுகிறான். அவன் மனைவி விட்டுப்போன குளிர்காலத்தில் ஒரு மாதம் எங்கள் சோபாவில்தான் கிடந்தான்.

"காபி வாசனை தெருமுனை வரைக்கும் வருது, நோரீன்," என்று பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். லைல் அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். என் கையில் காபிக் குடுவை. மெஷின் மேல் கொட்டிவிடலாமா என்று நினைத்தேன். கொட்டினால் லைலுக்குப் புரிந்துவிடும். அப்போது லைலின் போன் அடித்தது. பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினான்.

வெர்ன் ரெகவரியைத் திறந்தான். சின்னச் சின்னப் படங்களாகத் திரை முழுக்க என் தோல். மவுஸின் மேல் அவன் விரல் நின்றுவிட்டது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹீட்டர் எரிகிற வீட்டில் மணிக்கட்டு வரை இழுத்துவிட்டிருந்த என் சட்டைக் கையைப் பார்த்தான். பிறகு மூடினான்.

"என்னடா இருக்கு அதுல?" லைல் பேசி முடித்துவிட்டான்.

"கம்பெனிக்காரன் போட்டு அனுப்பினதுதான். கை வச்சா மெஷின் படுத்துரும். இந்த வார்னிங் மட்டும் வராம பண்ணிடுறேன்."

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். வெர்ன் சாவிக் கொத்திலிருந்து ஒரு பென்டிரைவைக் கழற்றிச் செருகினான்.

"எதுக்கும் அதுல இருக்கறத இதுல நகல் எடுத்துக்குறேன்."

"அது எதுக்கு?"

"நாளைக்குப் படுத்துச்சுன்னா நீ என்னத்தான திட்டுவ."

லைல் சிரித்தான். திரையில் பச்சைக் கோடு நகர்ந்து முடிந்தது. வெர்ன் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இன்னொரு கப் ஊற்றட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினான். ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்திருந்தால் யாருக்காக எடுத்தான் என்று எனக்குத் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, "லைல், வெளிய வா, ஒரு நிமிஷம்," என்றான்.

ஜன்னலோரம் நின்றேன். வெர்ன் நல்லவன். அவன் நல்லவன் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நல்லவர்கள் சிநேகிதனைத் தனியாகக் கூட்டிப்போய் புத்தி சொல்வார்கள். சொல்லிவிட்டு வண்டியேறித் தங்கள் வீட்டுக்குப் போவார்கள். அதன் பிறகு லைல் உள்ளே வருவான்.

வெர்னின் டிரக் என் காருக்குப் பின்னால் வழியை மறித்து நின்றது. குளிரில் பேசப் பேச இருவர் வாயிலிருந்தும் ஆவி வந்தது. லைல் அவன் தோளைத் தட்டிச் சிரித்தான். பிறகு வெர்ன் பக்கமிருந்து மட்டும் ஆவி வந்தது. கோட்டுக்குள் சட்டைப் பையின் மேல் வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை.

அடுப்பை அணைத்தேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போய், பூட்ஸில் காலை நுழைத்தேன். நாடாவைக் கட்டாமலே விட்டேன். டிரக்கின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். டிரக் மெல்லப் பின்னால் போய், என் காருக்கு வழி விட்டுத் தெருவில் இறங்கியது. போய்விடவில்லை. எஞ்சின் ஓட, விளக்கு எரிய, எங்கள் வீட்டைப் பார்த்தபடி நின்றது.

முன்வாசல் படியில் லைல் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்த்துக்கொண்டிருந்தான், ஒரு கால், பிறகு மறு கால்.